சேவைச் சங்க நிர்வாகிகளுக்கு: எங்களுக்கு மேடை வேண்டாம், வேலை கொடுங்கள்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை எழுத நீங்கள் உட்காருவதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். நான் சிறு தொழில் செய்பவன். ரோட்டரி, லயன்ஸ் போன்ற உங்கள் சேவைச் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினர். எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை. என் குறை ஒரு சங்கத்தின் மேல் மட்டும் இல்லை.

ஆள் சேர்க்கும்போது காதோடு காதாக ஒன்று சொல்கிறீர்கள். "சேருங்க சார், நாலு பெரிய ஆளுங்க பழக்கமாவாங்க, தொழிலுக்கு நல்லது." சேர்ந்த பிறகு மேடையில் வேறொன்று சொல்கிறீர்கள். "இங்கே யாரும் எதையும் எதிர்பார்த்து வருவதில்லை." கீழே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் கை தட்டுகிறார்கள், எல்லோர் சட்டைப்பையிலும் விசிட்டிங் கார்டு இருக்கிறது. இந்த இரட்டைப் பேச்சு யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு கெடுதல் செய்கிறது. தொழில் தொடர்பைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாததால், அது எப்படி உருவாகிறது என்று யோசிக்கவும் யாரும் முன்வருவதில்லை. ஏதோ கூட்டம் கூட்டினால் தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது தானாக நடப்பதில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்களில் பலர் தொழிலுக்காகவும்தான் வருகிறார்கள் என்பதைக் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தத் தொடர்பு உண்மையிலேயே உருவாகிற மாதிரி சேவை வேலையை அமைத்துக் கொடுங்கள். இப்போது நீங்கள் தருவது விருந்தும் மேடையும். எங்களுக்கு வேண்டியது பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்கிற வேலை.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதற்கு உங்கள் முன்னோடிகளே சாட்சி. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்து தொடங்கியதுதான் ரோட்டரி. பெரிய நகரத்தில் தெரிந்த முகம் வேண்டும், அப்படியே ஒருவருக்கொருவர் வியாபாரமும் கொடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டார்கள். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்துவைக்கத் தனியாக ஒரு பொறுப்பாளரே இருந்தார். மறுவருடம் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொன்னபோது அவர் மறுத்தார். தங்களுக்குள் மட்டும் உதவிக்கொள்ளும் சங்கத்தில் தனக்கு வேலை இல்லை, வெளியாட்களுக்கும் ஏதாவது செய்தால்தான் இது நிலைக்கும் என்பது அவர் வாதம். நியாயம் என்று பட்டது போலும். விதியைத் திருத்தி நகரத்தின் நலனையும் நோக்கமாகச் சேர்த்தார்கள். 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொது வேலை என்ன தெரியுமா? நகரத்தில் பொதுக் கழிப்பறை. இன்றைக்கு நம் சங்கத்தில் யாராவது அதை முன்மொழிந்தால், ஆண்டு மலரின் அட்டைப் படத்துக்கு ஒத்துவராது என்று தள்ளிவைத்திருப்போம்.

மற்றவையும் இதே வழியில்தான் வந்தன. 1915இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பிறந்த கிவானிஸ் சங்கம் தொடக்கத்தில் உறுப்பினர்களுக்குள் வியாபாரம் பரிமாறிக்கொள்ளும் அமைப்பு. வியாபாரமா சேவையா என்று சில வருடம் உள்ளுக்குள் மோதிக்கொண்டு, 1919 வாக்கில் சேவைப் பக்கம் திரும்பியது. லயன்ஸ் 1917இல் உருவாகக் காரணமான மெல்வின் ஜோன்ஸ் காப்பீட்டுத் தொழில் செய்தவர். சிகாகோவில் அவர் இருந்த வணிகர் வட்டத்திலிருந்துதான் அந்த யோசனையே கிளம்பியது. உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தச் சங்கமும் நோக்கமாக வைக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள்.

மூன்றும் ஏன் ஒரே பக்கம் திரும்பின என்பதற்கு என் கணக்கு இது. முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாங்கி விற்றுக்கொண்டால், வாங்க வேண்டியவர் எல்லாம் ஒரே வருடத்தில் வாங்கி முடித்துவிடுவார். அதற்கப்புறம் வருவது தயவு தாட்சண்யத்துக்காகக் கொடுக்கும் ஆர்டர்தான். அதில் விலையும் சரியாகப் பேச முடியாது, தரத்தையும் தட்டிக் கேட்க முடியாது. வட்டத்துக்கு வெளியே போய் ஒரு வேலையில் இறங்கினால்தான் புது ஆள் கண்ணில் படுவார்.

சரி, இப்போது நாம் என்ன செய்கிறோம்? மாதம் ஒரு விருந்துக் கூட்டம். அதில் ஒரு பேச்சாளர். வருடத்துக்கு மூன்று நான்கு பெரிய நிகழ்ச்சிகள். பேனர், நினைவுப் பரிசு, கதவளவு பெரிய காசோலை, வரிசையாக நின்று ஒரு புகைப்படம். வேலை செய்வது கூலிக்கு அமர்த்திய ஆட்கள். உறுப்பினர்கள் வந்து, நின்று, போகிறார்கள். போகும்போது முன்பே தெரிந்த நாலு பேரோடு பேசிவிட்டுப் போகிறார்கள்.

கடைசி வரி என் எரிச்சலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்க்ராம், மைக்கேல் மோரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தொழில் நிர்வாகிகள் கலந்துகொண்ட ஒரு மாலைச் சந்திப்பில் ஒவ்வொருவருக்கும் மின்னணுப் பெயர்ச்சீட்டு மாட்டிவிட்டு, யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆய்வு 2007இல் வெளிவந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் புது ஆட்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உள்ளே போனதும் தெரிந்த முகத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டார்கள். மனுஷ சுபாவம். பொது வேலை என்று எதுவும் இல்லாத அறையில் முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினோரு வயதையொட்டிய சிறுவர்கள் 22 பேரை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி வைத்ததும் பகை வந்தது. பகையைத் தீர்க்க முதலில் சேர்ந்து சாப்பிட வைத்தார், சேர்ந்து படம் பார்க்க வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். அப்புறம் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும்படி செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து அடைப்பைத் தேட வேண்டியதாயிற்று. வண்டி கிளம்பவில்லை என்றார்கள். இரண்டு அணியும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்த வேலைகளில்தான் பகை கரைந்தது. சிறுவர்களை இப்படி ஆட்டி வைத்துச் சோதனை செய்தது முறையா என்ற கேள்வி இன்றும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் விருந்து செய்யாததைக் கயிறு செய்தது என்ற அளவில், நம் மாதாந்தரக் கூட்டத்துக்கும் அதில் சேதி இருக்கிறது.

வேலை என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்று. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு அனுப்ப ஒரு கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். வரிசையாக நின்று ஒருவர் சோப்பு, அடுத்தவர் துண்டு, அடுத்தவர் போர்வை, அடுத்தவர் டார்ச் என்று போட்டுத் தள்ள, கடைசியில் ஒரு பெண் மூடி, டேப் ஒட்டி, அடுக்கிக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அந்தப் பெண் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், அடுத்ததைத் தூக்கினார். "இந்த அடுக்கு இலேசா இருக்கே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. வசதியான மொத்த வியாபாரி ஒருவர், "போகட்டும்மா, அங்கே போய் யார் எண்ணப் போறாங்க" என்றார். போர்வை போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நடுவில் போன் பேசிட்டேன், நான்தான் விட்டிருக்கணும். பிரிங்க, நானே திருப்பி ஒட்டித் தர்றேன்" என்று கத்தியை எடுத்தார். பெட்டிகளைப் பிரித்தோம். போர்வை இல்லைதான்.

அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று பேரைப் பற்றிக் கூடம் முழுக்கத் தெரிந்துகொண்டது. வருடக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பிட்டிருந்தாலும் அது தெரிந்திருக்காது. யாரிடம் கடனுக்குச் சரக்கு விடலாம், யாரிடம் விட்டால் பில்லில் கைவைப்பார், யார் சொன்னால் சொன்ன எடை இருக்கும். தொழிலில் நாங்கள் தேடித் தேடி விசாரிப்பது இதைத்தானே? டேப் ஒட்டிய பெண் சரக்குப் போக்குவரத்து நடத்துபவர் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது என் சரக்கு அவர் வண்டியில் போகிறது. அவர் என்னிடம் கார்டு நீட்டவே இல்லை, நானாகத்தான் எண்ணைக் கேட்டு வாங்கினேன். போர்வைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவறு செய்தவர் அவர்தான். ஆனால் தவறு நடந்தால் இவர் என்ன செய்வார் என்று பார்த்தாயிற்று. ஒரு சப்ளையரைப் பற்றி அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

எல்லா வேலையும் ஆளை இப்படிக் காட்டிவிடாது. வரவேற்பில் நிற்பது, மைக்கில் அறிவிப்பது, விருந்தினரை அழைத்து வருவது எல்லாம் யார் செய்தாலும் ஒன்றுதான். இருப்புப் பதிவேடு, உண்டியல் எண்ணுவது, சாவி வைத்திருப்பது, வராதவர்களுக்குப் போன் போட்டு மாற்று ஆள் பிடிப்பது, முடிந்த பிறகு நாற்காலி மடக்குவது, இவைதான் உரைகல். நம் சங்கங்களில் இந்த வேலைகளை எல்லாம் ஒரே செயலாளர் தலையில் கட்டிவிடுகிறோம், இல்லையென்றால் வெளியாளிடம் கொடுத்துவிடுகிறோம். அதாவது, உறவு விளைகிற நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, திரும்பத் திரும்பச் செய்வது. நிறுவனர் நாளுக்கு வருடம் ஒரு ரத்த தான முகாம் போடுகிறோம். கூட்டம் அலைமோதுகிறது, எண்ணிக்கை அறிக்கையில் பெரிதாகத் தெரிகிறது. ரத்த வங்கிக்காரரைத் தனியாக நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். சிவப்பணுக்களைச் சாதாரணக் குளிர்பதனத்தில் ஆறு வாரம், அதாவது 42 நாளுக்கு மேல் வைக்க முடியாது. தட்டணுக்கள் ஐந்து முதல் ஏழு நாள்தான் தாங்கும். ஒரே நாளில் கொட்டிக் கொடுத்துவிட்டு மீதி வருடம் கையை விரித்தால் அவர்களுக்கு என்ன பயன்? நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், ஒருவர் மறுபடி ரத்தம் கொடுக்க ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகும். ஆக, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, சிறிதாக, அதே குழுவை வைத்து நடத்துவதுதான் ரத்த வங்கிக்கும் நல்லது.

எங்களுக்கும் அதுதான் நல்லது. ஒரு முறை பார்த்த முகம் மறந்துவிடும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் நிரப்பியவரை மறக்க முடியாது. ரத்தம் கொடுத்தவர் எழுந்து போவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சில் விற்பனை இல்லை, அவசரம் இல்லை, தலைசுற்றுகிறதா என்று கேட்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அடிக்கடி பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தது என்றவர்கள் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, அல்லது அபூர்வமாகப் பார்க்கிற ஆள்தான் வழிகாட்டியிருக்கிறார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும் என்பது அவர் விளக்கம். வேலை தேடுகிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. ஆர்டர் தேடுகிற எங்களுக்கும் பொருந்தும் என்றே என் அனுபவம் சொல்கிறது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். தொழில் நோக்கத்தை ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற நானே, அதற்கு வேலியும் கேட்கிறேன். ஒரு மருத்துவ முகாமில் வந்தவர்களின் பெயரும் எண்ணும் நோட்டில் எழுதிக்கொண்டோம், பரிசோதனை முடிவைச் சொல்வதற்காக. சில நாளில் அந்த எண்களுக்கெல்லாம் காப்பீடு விற்கும் அழைப்பு போக ஆரம்பித்தது. நோட்டை யாரோ ஓர் உறுப்பினர் படம் எடுத்திருக்கிறார். சர்க்கரை இருக்கிறதோ என்ற பயத்தோடு வந்த மனிதருக்குப் பாலிசி விற்கப் போன் போடுவது தொழில் தொடர்பு ஆகாது, அயோக்கியத்தனம். உதவி பெற வருகிறவர் யாருடைய வாடிக்கையாளர் பட்டியலிலும் சேரக்கூடாது. தொடர்பு என்பது சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குள் மட்டும்தான். இதை எழுதி வையுங்கள், மீறியவரை வெளியே அனுப்புங்கள். பெரிய மனுஷர் என்று தயங்காதீர்கள்.

சங்கத்துக்கே பொருள் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். உறுப்பினரிடம் வாங்கலாம், தவறில்லை. ஆனால் வெளியிலிருந்தும் கொட்டேஷன் வாங்கி, விலையை எல்லோர் முன்பும் வைத்து, சம்பந்தப்பட்டவர் அந்தப் பேச்சில் உட்காராமல் முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாததால் பொருளாளர் மேல் ஊர்வாய் விழுந்த சங்கங்களை உங்களுக்கே தெரியும்.

தொழில்முறை வேலையை இலவசமாகச் செய்து தருவது பற்றியும் ஒன்று. கணக்கர் கணக்கு பார்த்துத் தருகிறார், வழக்கறிஞர் பத்திரம் எழுதித் தருகிறார், கணினி தெரிந்தவர் மென்பொருள் போட்டுத் தருகிறார். நல்லதுதான், திறமை நேராகத் தெரியும். ஆனால் இலவசம்தானே என்று இழுத்தடித்தால் அதுவும் நேராகத் தெரியும். அனாதை இல்லத்தின் கணக்கை ஆறு மாதம் மேசையில் போட்டுவைத்தவர், காசு கொடுத்தால் ஒழுங்காக முடிப்பார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே ஒப்புக்கொள்ளும்போதே என்ன வேலை, எந்தத் தேதி, முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சங்கடமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, யாரை உள்ளே விடுகிறோம் என்பது. இந்தச் சங்கங்கள் பல காலம் பெண்களைச் சேர்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி சங்கம் 1977இல் பெண்களைச் சேர்த்ததற்காக அங்கீகாரத்தையே இழந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987இல் பெண்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால் ஜேசீஸ் என்ற இளைஞர் சங்கத்தின் வழக்கிலும் அதே கதைதான். இந்தத் தீர்ப்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இங்கே கிடைக்கும் தொழில் தொடர்பும் தலைமைப் பயிற்சியும் உண்மையான பொருளாதார நன்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வெறும் நட்புக் கூட்டம் என்ற வாதம் எடுபடவில்லை. நாம் காதோடு காதாகச் சொல்வதை நீதிபதிகள் ஏட்டிலேயே எழுதிவிட்டார்கள்.

இன்றைக்குக் கதவை மூடிவைத்திருப்பது சந்தாத் தொகை. அதோடு விருந்துச் செலவு, வேலை நேரத்தில் வைக்கும் கூட்டம், உடுத்தி வர வேண்டிய உடை. புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கும், ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கும்தான் தொடர்பு அதிகம் தேவை. அவர்களால் இதில் எதையும் சமாளிக்க முடியாது. அவர்களிடம் இருப்பது உழைப்பும் ஓய்வு நேரத்தில் கொஞ்சமும்தான். உறுப்பினர் ஆகாமலே வேலைக் குழுவில் சேரலாம், ஒரு வருடம் ஒழுங்காக வந்தவருக்குச் சந்தாவில் சலுகை என்று வைத்தால் என்ன? பெட்டி கட்டும் வரிசையில் பெரிய முதலாளிக்குப் பக்கத்தில் அவர் நின்றால், அந்த முதலாளிக்கும்தான் லாபம். அவர் மேசைக்கு வராத ஆளை அங்கேதான் பார்ப்பார்.

எனவே, வரும் செயற்குழுவில் இதைப் பொருளாக வைத்துப் பேசுங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் பாதியை விட்டுவிடுங்கள். மீதியை வருடம் முழுக்க ஓடும் சிறு வேலைகளாக மாற்றி, நாலைந்து பேர் கொண்ட குழுக்களிடம் ஒப்படையுங்கள். ஒரே தொழில்காரர்களையும் ஏற்கெனவே சிநேகிதமானவர்களையும் ஒரே குழுவில் போடாதீர்கள். அவர்களை விட்டால் அவர்களே சேர்ந்துகொள்வார்கள், அதனால் பட்டியலை நீங்கள் போடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் விற்பனைப் பேச்சு கூடாது, முடிந்து வெளியே வந்த பிறகு யார் யாரோடு என்ன பேசினாலும் அது அவரவர் பாடு. விருந்தை ஒழிக்கச் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். சேர்ந்து வேலை செய்த களைப்போடு வந்து உட்கார்ந்தால் அங்கேயும் பேச விஷயம் இருக்கும்.

எனக்குச் சனிக்கிழமைகளும் வாரத்தில் ஒரு மாலையும் ஒதுக்க முடியும். இருப்புப் பதிவேட்டை என்னிடம் கொடுங்கள். என்னோடு சரிபார்க்க இன்னொருவரையும் போடுங்கள், எனக்கு முன்பின் தெரியாதவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினன்